நாடகத்துக்கு முதல் தலைக்கவசம்: ஈவா ஷீட்டா, காகிதமா, தகரமா?

ஏற்காட்டு மிளகு:

வணக்கம். ஜனவரியில சேலத்துல கல்லூரி ஆண்டு விழா. பாளையக்காரர் காலத்து நாடகம் ஒண்ணு போடறாங்க. அதுல வர்ற தளபதிக்கு ஒரு தலைக்கவசம் செய்யணும். மியூசியத்துல பார்ப்போமே, அந்தத் தக்காணத்து வகை: உருண்டையான கிண்ணம், உச்சியில கூர், நெத்தியிலிருந்து மூக்குக்கு நேரா இறங்கற பட்டை, கன்னத்துக்கு ரெண்டு தகடு, பின்கழுத்துல தொங்கற சங்கிலி வலை. நேரம் இருந்தா கூட வர்ற எட்டு வீரர்களுக்கும் சாதாரணத் தொப்பி மாதிரி ஏதாவது.

வேலை நடக்கப் போறது ஏற்காட்டுல, மாடி அறையில. அக்டோபர், நவம்பர்தான் நேரம். அப்போ இங்க மழையும் மஞ்சுமா இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. கையில இருக்கிறது கட்டர், ஸ்டீல் ஸ்கேல், ஹேர் டிரையர். ஹீட் கன் வாங்கத் தயார். மொத்த பட்ஜெட் 2,000 ரூபாய்க்குள்ள.

ஈவா ஷீட் (செருப்புக்குப் போடற ஃபோம்), காகிதக்கூழ், ஃபைபர், தகரம், 3டி பிரிண்ட்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. முதல் தடவை செய்யறவங்க எதுல கை வைக்கலாம்? அளவு எப்படி எடுக்கறது? எந்தப் பசை?

ஐந்துரோடு:

தளபதிக்கு ஈவா ஷீட். யோசிக்கவே வேண்டாம். ஏன்னு எடையை வெச்சே சொல்லிடலாம். நீங்க சொல்ற வடிவத்துக்கு கிண்ணம், பக்கச்சுவர், கன்னத்தகடு எல்லாம் சேர்த்துப் பரப்பளவு சுமார் 1,400 சதுர செ.மீ. வரும். 6 எம்எம் ஈவாவுல அது 100–150 கிராம் போலத்தான் வரும். 1 எம்எம் அலுமினியத்துல 380 கிராம், அதே கனத்துல இரும்புத் தகடுன்னா 1.1 கிலோ. ரெண்டு மணி நேரம் மேடையில தலையை ஆட்டி வசனம் பேசற ஆளுக்கு இந்த வித்தியாசம் கழுத்துல தெரியும்.

ஷீட்டை கிராஃப்ட் கடையில தேடாதீங்க, அங்க 2 எம்எம் வண்ணத்தாள்தான் கிடைக்கும். செருப்புச் சாமான் விக்கிற கடையில ஈவா ஷீட் கேளுங்க. அடிப்பாகத்துக்குப் போடற கெட்டி ரகம் வேண்டாம், வளையாது. நடுத்தர ரகம் எடுங்க. நகத்தால அழுத்திப் பாருங்க: பள்ளம் உடனே எழும்பினா நல்ல சரக்கு, அப்படியே நின்னா மேடைக்குப் போறதுக்கு முன்னாடியே நசுங்கிடும். டிவி, ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள்ள வர்ற வெள்ளை பேக்கிங் ஃபோம் வேற ஜாதி. அதுல பசை பிடிக்காது, சூடு பட்டா சுருங்கிடும். 6 எம்எம் 1 மீட்டருக்கு 1 மீட்டர் ஒரு ஷீட் வாங்கினா ரெண்டு கவசத்துக்கே வரும். பட்டை, கரை வேலைக்கு 2 எம்எம் ஒரு சின்ன துண்டு.

அளவு. இங்கதான் முதல் தடவை செய்யறவங்க சறுக்குவாங்க. தலையைச் சுத்தி அளந்து, அதே அளவுக்கு ஷீட்டை வெட்டினா கவசம் தலைக்குள்ள போகாது. கணக்கு இப்படி: தலைச்சுற்று 57 செ.மீ.ன்னு வெச்சுக்குங்க. உள்ள 1 செ.மீ. திக்கான பேடிங் போட்டா சுற்றளவு 6.3 கூடும், ஆக 63.3. ஷீட்டை வளைக்கும்போது உள்பக்கம் அமுங்கும், வெளிப்பக்கம் இழுபடும், நடுவுல இருக்கிற கோடு மட்டும்தான் நீளம் மாறாம இருக்கும். அதனால கனத்தை 3.14-ஆல பெருக்கிச் சேர்க்கணும். 6 எம்எம்முக்கு 1.9 செ.மீ. மொத்தம் 65.2 செ.மீ. வெட்டணும்.

கிண்ணத்தை எட்டு இதழா வெட்டுங்க. ஒவ்வொரு இதழும் அடியில 8.15 செ.மீ. அகலம், உயரம் 16.3 செ.மீ. அடியிலிருந்து 5.4 செ.மீ. மேல அகலம் 7.05, 10.9 செ.மீ. மேல 4.1, உச்சியில பூஜ்யம். இந்தப் புள்ளிகளை நேர்கோட்டால சேர்க்காதீங்க, வெளிப்பக்கம் லேசா உப்பின வளைவா வரையணும். நேர்கோடு போட்டா கிண்ணம் கூம்பா வந்து நிக்கும், ராஜா காலத்துத் தளபதி பிறந்தநாள் தொப்பி போட்ட மாதிரி இருப்பார். எட்டு நுனியும் ஒரே புள்ளியில சேர்றது அழகா வராது, அதனால நுனியில 1.5 செ.மீ. வெட்டி எறிஞ்சுட்டு மேல 5 செ.மீ. வட்டத் தகடு ஒட்டி மறைச்சுடுங்க. எப்படியும் அங்க கூர் வரப்போகுது.

கிண்ணத்துக்குக் கீழ 6 செ.மீ. உயரத்துல நேர் பட்டை ஒண்ணு சுத்தி வரணும், நீளம் அதே 65.2. பட்டையோட இணைப்பு பின்மண்டையில வரட்டும்.

இதழை வெட்டினதும் ஒட்டக் கூடாது. முதல்ல சூடு. ஹீட் கன்னை 10 செ.மீ. தூரத்துல ஆட்டிக்கிட்டே பிடிங்க, ஒரே இடத்துல நிறுத்தக் கூடாது. மங்கலா இருந்த மேல்தோல்ல ஒரு மினுமினுப்பு வரும். அதுதான் அடையாளம், துளையெல்லாம் மூடிக்கிச்சுன்னு அர்த்தம். உடனே ஒரு கவுத்த பேசின் மேல வெச்சு உள்ளங்கையால அழுத்திப் பிடிச்சு, ஆறினதும் விடுங்க. வளைவு நின்னுடும். சூட்டுல புகை வந்தா அதிகமாயிடுச்சு, ஜன்னலைத் திறந்து வெச்சுக்கணும். இப்படி வளைச்ச இதழ்களுக்கு ஓரத்தைச் சாய்வா சீவ வேண்டியதில்ல, 90 டிகிரி நேர்வெட்டே பொருந்தும். சாய்வெட்டு தேவைப்படறது கூர்மையான மடிப்பு வர்ற இடத்துலதான்.

பிளேடு விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது. ஈவா பிளேடை மொக்கையாக்கும். கட்டரை இழுக்கும்போது ஓரம் பிசிறு தட்டினா அந்த நுனியை உடைச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க. ஒரே அழுத்துல வெட்டாம ரெண்டு மூணு இழுப்புல வெட்டினா ஓரம் நிமிர்ந்து நிக்கும்.

கத்தரிக்கோல்:

ஐந்துரோடு அண்ணா கணக்கு சரி. ஆனா அது உருண்டைத் தலைக்கான கணக்கு. மனுஷத் தலை முட்டை வடிவம், முன்பின் நாலு செ.மீ. போல நீளம் அதிகம். ஈவா வளைஞ்சு கொடுக்கும்ங்கிறதால பட்டையை ஒட்டினதும் பக்கவாட்டுல அமுக்கி ஒரு தடவை சூடு காட்டினா முட்டை வடிவத்துக்கு வந்துடும். அதைச் செய்யாம விட்டா நெத்தியில இடிக்கும், காதுப்பக்கம் காத்தாடும்.

கன்னத்தகடு, மூக்குப்பட்டைக்கெல்லாம் கணக்கை நம்பாதீங்க. நடிக்கிறவர் தலையில துணி கட்டி, மேல பாலித்தீன் கவர் சுத்தி, அதுக்கு மேல மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. மூக்கு, வாய் திறந்தே இருக்கணும், முகத்துல கவர் போடக் கூடாது. டேப் மேல மார்க்கர்ல வடிவத்தை வரைஞ்சு, கழட்டி, வெட்டி, சார்ட் தாள்ல படியெடுங்க. ஒரு பக்கம் மட்டும் வெட்டி, தாளை மடிச்சு மறுபக்கத்தையும் அதே அளவுல எடுத்தாத்தான் ரெண்டு கன்னமும் ஒரே மாதிரி வரும். இணைப்புக் கோடுகள்ல குறுக்கே சின்னச் சின்ன அடையாளக் கோடு போட்டு வைங்க. தையல்ல சொல்ற மேட்ச் மார்க்தான். அது இல்லாம ஒட்டினா எட்டாவது இதழ்ல வந்து அரை செ.மீ. மிச்சம் நிக்கும்.

வெட்டறதுக்கு முன்னாடி முழுசையும் தடிச்ச சார்ட் அட்டையில ஒட்டி தலையில வெச்சுப் பார்த்துடுங்க. அட்டை மலிவு.

மேடைக்குன்னே சில விஷயம் இருக்கு. கன்னத்தகடு காதை முழுக்க மூடக் கூடாது, எதிராளி வசனம் கேக்காது. தலையில மாட்டற மைக் பொருத்தினா தகடு அதுல உரசி ஸ்பீக்கர்ல கரகரன்னு வரும். அதனால மைக் வர்ற கன்னத்துல தகட்டை ரெண்டு விரல் தள்ளி நிக்க வைங்க, இல்லைன்னா காலர் மைக் கேளுங்க. தகட்டைக் கிண்ணத்தோட நேரா ஒட்டிடாதீங்க. 3 செ.மீ. ரெக்சின் பட்டையால கீல் மாதிரி தொங்க விட்டா வாய் அசையும்போது தகடும் கூட அசையும், பார்க்க அசல் மாதிரி இருக்கும். மூக்குப்பட்டை மூக்கைத் தொடக் கூடாது, 1.5 செ.மீ. இடைவெளி. அதுக்குள்ள ஒரு மெல்லிய கம்பியை வெச்சு ரெண்டு 2 எம்எம் ஷீட்டால மூடிட்டா வளைச்ச நிலையில நிக்கும். கம்பி நுனியைக் கட்டாயம் மடக்கி விடுங்க, கண்ணுக்குப் பக்கத்துல இருக்கிற சமாச்சாரம்.

ஆணித்தலை அசல்ல சின்னதா இருக்கும். மேடைக்கு அது பத்தாது, பத்தாவது வரிசைக்குத் தெரியாது. 10 எம்எம் ஒட்டுமுத்து, தையல் சாமான் கடையில அரை உருண்டையா கிடைக்கும், அதைப் போடுங்க. கடலைப்பருப்பை ஒட்டினா அதே வடிவம்தானேன்னு யாராவது சொல்வாங்க. வடிவம் சரிதான், வண்டு வரும், ஏற்காட்டு ஈரத்துல பூஞ்சையும் வரும். நம்ம பக்கத்துக் கூத்துக் கலைஞர்கள் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கல்யாண முருங்கை மாதிரி எடையில்லாத மரத்துல செஞ்சு, அதுல கண்ணாடிச் சில்லு பதிக்கிறதுக்குக் காரணம் இதுதான்: ராத்திரி வெளிச்சத்துல தூரத்துல இருக்கிறவனுக்கு மின்னணும், போட்டுக்கிட்டு விடிய விடிய ஆடவும் முடியணும்.

சங்கிலி வலை: அசல் வளையம் கோக்கற யோசனை வந்தா அடக்கிக்குங்க. 8 எம்எம் வளையத்துல பின்கழுத்து அளவுக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல வேணும், கவசம் பின்னால சாயும். பழைய நாடக வழி ஒண்ணு இருக்கு. தடிச்ச பருத்தி நூலை, இல்லைன்னா மெல்லிய சணல் கயித்தைப் பெரிய ஊசியில லூஸா பின்னணும். வெறும் நேர்ப்பின்னல் போதும். அகலம் 40, நீளம் 15 செ.மீ. முதல்ல கறுப்பு சாயம், காய்ஞ்சதும் வெள்ளிப் பெயின்டைப் பிரஷ்ல தொட்டு, தாள்ல தொடைச்சுட்டு, மேடான இடத்துல மட்டும் படற மாதிரி தடவுங்க. முழுக்க முக்கி எடுத்தா விறைச்சுப் போய் அட்டை மாதிரி நிக்கும்.

தகரடப்பா:

எல்லாரும் ஃபோம் ஃபோம்னு ஒரே பாட்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆலை இருக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு செருப்பு ஷீட்டுல தளபதியா?

தட்டையான தகட்டை அடிச்சு கிண்ணமாக்கச் சொல்லலை. அது முதல் தடவை ஆளுக்கு ஆகாது. அரைக்கோளத்துக்கு 33 செ.மீ. வட்டம் வெட்டி, மணல் மூட்டை மேல போட்டு மர சுத்தியால நடுவுலேர்ந்து சுத்திச் சுத்தி அடிக்கணும். அலுமினியம்னா நடு நடுவுல சூடு காட்டி மெதுவாக்கணும். மேல சோப்பைத் தேய்ச்சு சூடு பண்ணுங்க, சோப்புக் கோடு கறுத்ததும் நிறுத்திடணும். தாண்டினா தகடு உருகி ஓட்டையாகும். அதெல்லாம் ரெண்டாவது கவசத்துக்கு வெச்சுக்கலாம்.

குறுக்கு வழி: பாத்திரக் கடைக்குப் போய் 22 செ.மீ. விட்டமுள்ள உருண்டை அடி பேசின் ஒண்ணு பாருங்க. தலையில கவுத்துப் பாருங்க, கடைக்காரர் சிரிச்சா சிரிக்கட்டும். முன்பின் ஒரு விரல், பக்கவாட்டுல மூணு விரல் இடைவெளி இருக்கணும், அதைப் பேடிங் நிரப்பும். அடியில இருக்கிற தட்டையான வட்டம் கூரோட அடித்தகட்டுக்குள்ள மறைஞ்சுடும். கனமில்லாத ரகமா எடுங்க. கடைத் தராசுல வெச்சு 400 கிராமுக்கு மேல போனா திருப்பி வெச்சுடுங்க.

துளை போடறதுதான் ஒரே வம்பு. ஸ்டெயின்லெஸ்ல டிரில்லை வேகமா ஓட்டினா அந்த இடம் கெட்டிப்பட்டு, அப்புறம் எந்த பிட்டும் இறங்காது. மெதுவான வேகம், நல்ல அழுத்தம், ஒரு சொட்டு எண்ணெய். கோபால்ட் பிட் வாங்குங்க. 3.2 எம்எம் பாப் ரிவெட்டுக்கு 3.3 எம்எம் துளை. ரிவெட்டோட வால் உள்பக்கம் முள்ளு மாதிரி நிக்கும், மேல தோல் துண்டோ ஃபெல்ட்டோ ஒட்டாம தலையில வைக்கக் கூடாது. விளிம்பு கூரா இருந்தா பழைய சைக்கிள் டியூபைக் கீறி மாட்டி விடுங்க.

கத்திச் சண்டையில டிங்குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது எந்த ஃபோம்லயும் வராது.

கத்தரிக்கோல்:

அந்த டிங் சத்தம் மைக்குலயும் வரும் அண்ணா. அதுவும் இல்லாம, தலையில இரும்பு இருக்குன்னு எதிர்ல இருக்கிற பையன் நிஜமாவே ஓங்கி அடிப்பான். தகரமோ ஃபோமோ, இதெல்லாம் வேஷத்துக்குத்தான். அடியைத் தாங்கறதுக்கு இல்ல, வண்டி ஓட்டறப்போ போடறதுக்கும் இல்ல.

ஏற்காட்டு மிளகு:

ரொம்ப நன்றி. தளபதிக்கு ஈவான்னு முடிவு பண்ணிட்டேன். ரெண்டு சந்தேகம். பசை என்ன, இங்க மஞ்சுல அது பிடிக்குமா? எட்டு வீரர்களுக்கும் ஈவா போட்டா பட்ஜெட் தாங்காது. காகிதத்துல செஞ்சா எடுபடுமா? நண்பர் ஒருத்தர் 3டி பிரிண்டர் வெச்சிருக்கார், அதையும் கேக்கலாமான்னு ஒரு யோசனை.

ஐந்துரோடு:

செருப்புக் கடையில சொல்யூஷன்னு கேட்டா கிடைக்கிற சிந்தெடிக் ரப்பர் பசை. ஃபெவிகால் எஸ்ஆர் 998-ம் அந்த ரகம்தான். வெள்ளை ஃபெவிகால் ஈவாவுல நிக்காது. ஃபெவிக்விக் பிடிக்கும், ஆனா கண்ணாடி மாதிரி கெட்டியாகி, வளைக்கும்போது இணைப்புல வெடிக்கும். க்ளூ கன் உள்பேடிங் ஒட்ட மட்டும். சேலத்து வெயில்ல பூட்டி நிறுத்தின காருக்குள்ள வெச்சா அந்தப் பசை இளகிடும்.

ரெண்டு ஓரத்துலயும் மெல்லிசா ஒரு பூச்சு. முதல் பூச்சை ஈவா உறிஞ்சிட்டு மங்கலா தெரிஞ்சா ரெண்டாவது பூச்சு. 10–15 நிமிஷம் விடுங்க. விரல் முட்டியால தொட்டா ஒட்டாம, ஆனா லேசா பிடிக்கிற மாதிரி இருக்கணும். ஈரமா இருக்கும்போதே சேர்க்கறதுதான் பலர் பண்ற தப்பு. உள்ள மாட்டின கரைப்பான் வெளிய போக வழியில்லாம இணைப்பு வழுக்கிக்கிட்டே இருக்கும். காய்ஞ்சப்புறம் ரெண்டும் தொட்டா தொட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால நுனி, நடு, அடின்னு அடையாளக் கோடுகளை முதல்ல சேர்த்து, அப்புறம் இடைவெளியைக் கிள்ளிக் கிள்ளி மூடிட்டு வாங்க. ரெண்டு ரெண்டு இதழா ஒட்டி நாலு ஜோடி, பிறகு ரெண்டு பாதி, கடைசியா முழுக் கிண்ணம்.

இப்போ மஞ்சு. கரைப்பான் ஆவியாகும்போது பசையோட மேற்பரப்பு குளிர்ந்து போகும். காத்துல ஈரம் நிறைஞ்சிருந்தா அந்தக் குளிர்ச்சியில தண்ணி படியும். பசை மேல பால் மாதிரி ஒரு வெள்ளைப் படலம் தெரியும். அந்த நிலையில ஒட்டினா பிடிச்ச மாதிரி இருக்கும், மறுநாள் காலையில உரிச்சா வாழைப்பழத் தோல் மாதிரி வந்துடும். பசை மட்டம்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க.

வழி இதுதான். ஜன்னல்ல மஞ்சு நுழையற நேரத்துல ஒட்டாதீங்க, பகல் 11-லேர்ந்து 3 வரைக்கும் நல்ல நேரம். ஒட்டறதுக்கு முன்னாடி ஈவா துண்டுகளை ஹேர் டிரையர்ல வெதுவெதுப்பாக்கிக்குங்க, பசை டப்பாவும் குளிர்ந்த தரையில இருக்க வேண்டாம். வெள்ளைப் படலம் வந்துடுச்சா, பதறாம விட்டு, கரைப்பான் வாடை நல்லா அடங்கினப்புறம் டிரையரைத் தூரமா பிடிச்சு வெதுவெதுன்னு காட்டி அது கரைஞ்சு போற வரைக்கும் காய விடுங்க. மேல இன்னொரு மெல்லிய பூச்சு போட்டு மறுபடியும் காய விட்டு ஒட்டுங்க. ஈரப்பசை மேல ஹீட் கன்னும் வேண்டாம், டிரையரும் வேண்டாம். அந்த ஆவி தீப்பிடிக்கும். அறையில அடுப்பு, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் எரியக் கூடாது, கதவு திறந்திருக்கணும்.

முதல்ல ரெண்டு கழிவுத் துண்டை ஒட்டி, மறுநாள் இழுத்துப் பாருங்க. இணைப்பு விடாம ஃபோம் கிழிஞ்சா பசை சரியா வேலை செய்யுது.

காகிதப்புலி:

எட்டு வீரருக்கும் காகிதம்தான். கூழ் வேண்டாம், பட்டை ஒட்டற முறை. கூழ் கனமா வரும், காய நாளாகும், சுருங்கும்.

அச்சுக்கு பலூன் ஊதச் சொல்வாங்க. ஏற்காட்டுல அது சரிவராது. பகல்ல ஊதின பலூன் ராத்திரி குளிர்ல சுருங்கும், மேல இருக்கிற ஈரக் காகிதம் சுருக்கம் விழுந்து அப்படியே காயும். தகரடப்பா சொன்ன அந்த 22 செ.மீ. பேசினைக் கவுத்து, மேல பாலித்தீன் கவரை இழுத்துக் கட்டினா அதுவே அச்சு. எட்டும் ஒரே அளவுல வரும். ரெண்டு பேசின் இருந்தா வேலை ஓடும்.

பசைக்கு மைதாவை விட மரவள்ளிக் கிழங்கு மாவு. ஜவ்வரிசி ஊருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்ல, சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைகள்ல விசாரிங்க. மாவு 50 கிராமை 100 மி.லி. பச்சைத் தண்ணியில கட்டியில்லாம கரைச்சு, கொதிக்கிற 400 மி.லி. தண்ணியில ஊத்திக் கிளறுங்க. வெள்ளையா இருந்தது கண்ணாடி மாதிரி தெளிஞ்சதும் இறக்கிடுங்க. வெள்ளையாவே இருந்தா வேகலை, ஒட்டாது. அன்னன்னைக்குத் தேவையானதை அன்னன்னைக்குக் காய்ச்சுங்க, மறுநாள் நீர்த்துப் போய் புளிச்சிடும். போஸ்டர் ஒட்டறவங்க, பைண்டிங் செய்யறவங்க பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடுவாங்க. அது விஷம். வேர்வையோட நெத்தியில இறங்கற பொருளுக்குப் போடக் கூடாது. உப்புப் போட்டா ஈரத்தை இழுக்கும், அதுவும் வேண்டாம்.

நியூஸ்பேப்பரை 3 செ.மீ. பட்டையா கையால கிழிங்க. கத்தரியில வெட்டினா ஒவ்வொரு ஓரமும் படியா தெரியும், கிழிச்ச ஓரம் நாரா பிரிஞ்சு அடுத்ததோட கலந்துடும். ஒரு அடுக்கு நியூஸ்பேப்பர், அடுத்தது பிரவுன் தாள். நிறம் மாறுறதால எங்க விட்டுப்போச்சுன்னு கண்ணுக்குத் தெரியும். ஒரு அடுக்கு மேலிருந்து கீழ, அடுத்தது குறுக்கா. மொத்தம் ஆறு அடுக்கு, ஒரு நேரத்துல ரெண்டுக்கு மேல போடாதீங்க. உள்ள ஈரம் மாட்டினா ரெண்டு நாள்ல கறுப்புப் புள்ளி கிளம்பும். நாலு அடுக்கு நல்லா காயற வரைக்கும் பேசினை விட்டுக் கழட்டாதீங்க, வாய் கோணிக்கும்.

காய வைக்கிறதுதான் உங்களுக்கு முக்கியப் பிரச்சினை. மின்விசிறியும் பக்கத்துல ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பும் வெச்சா ஓரளவு ஆகும், பல்பு காகிதத்தைத் தொடாம ஒரு அடி தள்ளியிருக்கட்டும். அடிவாரத்துல தெரிஞ்ச வீடு இருந்தா மொட்டை மாடியில ஒரு வெயில் போதும், மலையில ஒரு வாரத்துல ஆகாத வேலை முடிஞ்சிடும்.

காய்ஞ்சதும் சாக்பீஸ் பவுடரை ஃபெவிகால்ல தோசை மாவு பதத்துக்குக் குழைச்சு மேல ஒரு கோட், 120, 220 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சு வழவழப்பாக்குங்க. உள்பக்கத்தையும் விட்டுடாதீங்க. ஃபெவிகாலும் தண்ணியும் சரிபாதி கலந்து பூசி, மேல வார்னிஷ். பூசாத காகிதம் வேர்வையில ஊறி, ரெண்டாவது காட்சிக்கே விளிம்பு தொளதொளத்துப் போகும்.

லேயர்மணி:

3டி பிரிண்ட் பத்தி. நண்பர்கிட்ட மெஷின் இருந்தாலும் முழுக் கவசத்துக்கு வேண்டாம். சுவர் 3 எம்எம் போட்டா அரைக் கிலோ ஃபிலமென்ட் (பிரிண்டர் உருக்கிப் போடற பிளாஸ்டிக் இழை) போகும், 220 எம்எம் பெட்ல (பிரிண்ட் ஆகற மேடை) கிண்ணமே முழுசா உக்காராது, துண்டு துண்டா அடிச்சு ஒட்டணும். அதுக்கப்புறம் லேயர் கோடு தெரியாம இருக்க புட்டி, உப்புத்தாள், மறுபடி புட்டி. பிரிண்ட் ஆகறதை விடத் தேய்க்கிறதுதான் பெரிய வேலை. வழக்கமா போடற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிக்குப் பக்கத்துல இளகும். வெயில்ல நிக்கிற காரோட டேஷ்போர்டு அதை எளிதா தாண்டும். காருக்குள்ள வைக்கிற பொருளுன்னா பிஇடிஜிங்கிற பிளாஸ்டிக்கைக் கேளுங்க, 80 டிகிரி வரைக்கும் தாங்கும்.

அதைவிட நெத்திச் சின்னம், இறகு செருகற குழாய், கன்னத்தகட்டுப் பூ வேலை, இதுகளை மட்டும் பிரிண்ட் எடுத்து ஈவா மேல ஒட்டுங்க. அங்கதான் பிரிண்டருக்கு மரியாதை.

ஃபைபர் பத்தி யாரும் பேசலை, நானே சொல்லிடறேன். ரெசின்ல கலக்கற கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு கலந்தா வெடிக்கும். அந்த ஹார்டனர் கண்ணுல பட்டா பார்வையே போகலாம். வீட்டு மாடி அறையில, முதல் வேலையா, கூடவே கூடாது.

ஏற்காட்டு மிளகு:

எல்லாம் தெளிவாச்சு. பெயின்ட், உச்சிக் கூர், தாடை வார், இந்த மூணையும் சொல்லிட்டீங்கன்னா வேலையை ஆரம்பிச்சுடுவேன்.

ஐந்துரோடு:

கூருக்குத் தெர்மாகோல் மட்டும் வேண்டாம். ஸ்ப்ரே பெயின்டும் சொல்யூஷனும் பட்ட இடத்துல கரைஞ்சு ஓடும். மரப் பம்பரம் ஒண்ணு வாங்குங்க. ஆணியைப் பிடுங்கிட்டு, கூர் மேல பார்க்கிற மாதிரி வெச்சா அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காரும், கயிறு சுத்தற வரிப்பள்ளம் கடைசல் வேலை மாதிரியே தெரியும். நுனியை உப்புத்தாள்ல மழுக்கிடுங்க. உள்பக்கத்துலேர்ந்து அகலமான வாஷர் போட்டு ஒரு ஸ்க்ரூ. வெறும் பசையில நிக்க வெச்சா முதல் கத்தி வீச்சுல பம்பரம் சபையில சுத்தும்.

பெயின்டுக்கு முன்னாடி ஈவாவை அடைக்கணும், இல்லைன்னா வெள்ளியை உறிஞ்சி சாம்பலா காட்டும். ஃபெவிகாலைத் தண்ணி கலந்து பூசலாம், ஆனா வளையற இடத்துல கோடு விழும். மொட்டை மாடிக்கு அடிக்கிற ரப்பர் மாதிரி இழுபடற வெள்ளை வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இருக்கே, அதுல ரெண்டு மெல்லிய கோட் அடிங்க. தடிமனா அடிச்சா பிசுபிசுப்பு போகாது, தூசி ஒட்டும். மேல கறுப்பு அக்ரிலிக் முழுக்க. அது காய்ஞ்சதும் வெள்ளி ஸ்ப்ரே, 25–30 செ.மீ. தூரத்துலேர்ந்து, விளிம்புக்கு வெளிய ஆரம்பிச்சு வெளியவே முடிக்கணும். இதழ் இணைப்புப் பள்ளங்கள்ல கறுப்பு தெரியட்டும், முழுக்க மூடினா பிளாஸ்டிக் பொம்மையாயிடும். அப்புறம் கறுப்பும் பழுப்பும் தண்ணியா கலந்து பூசி, ஈரமா இருக்கும்போதே துணியால துடைச்சுடுங்க. பள்ளத்துல மட்டும் அழுக்கு தங்கும். மேல பளபள கிளியர் கோட் அடிக்காதீங்க, வெள்ளி செத்துப் போகும். உள்விளிம்பு முழுக்க மங்கல் கறுப்பு, மேடை லைட் முகத்துல பிரதிபலிக்காம இருக்கும்.

மஞ்சுல ஸ்ப்ரே அடிச்சா பெயின்டும் பால் பூத்துப் போகும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் கீழ இறங்கி வந்துடுங்க.

கத்தரிக்கோல்:

தாடை வார் 25 எம்எம் நாடா, பைக் கடையில கிடைக்கிற கிளிக் பக்கிள். பக்கிளைத் தாடைக்கு நேரா வைக்காதீங்க, பேசும்போது குத்தும், இடது காதுக்குக் கீழ வரட்டும். நாடாவை ஈவாவுல வெறுமனே ஒட்டினா உரிஞ்சு வரும். கிண்ணத்தோட பட்டையில ரெண்டு கீறல் போட்டு, நாடாவை உள்ள விட்டு வெளிய எடுத்து, மேல கரைப்பட்டையை ஒட்டி மறைச்சுடுங்க. கழுத்து வலையோட எடை பின்னால இழுக்கறதால, காதுக்கு முன்னாடி ஒரு கால், பின்னாடி ஒரு கால்னு ரெண்டு காலா இறக்கினாத்தான் கவசம் பின்பக்கம் சாயாது.

பேடிங்கை முழுக்கச் சுத்தி ஒட்ட வேண்டாம். நெத்தி, பின்மண்டை, ரெண்டு பக்கம், உச்சின்னு அஞ்சு இடத்துல 1 செ.மீ. ஸ்பாஞ்சைப் பருத்தித் துணியில சுத்தி, வெல்க்ரோல வைங்க. பக்கவாட்டு பேடை மட்டும், அமுக்கி முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்தப்புறம் போட்டுப் பார்த்து, தேவைப்பட்ட அளவுக்குத் தடிமன் ஆக்குங்க. நடுவுல காத்து ஓடும், கழட்டித் துவைக்கலாம். நடிக்கிறவர் உள்ள ஒரு மெல்லிய பருத்தித் துண்டை முண்டாசு மாதிரி இறுக்கிக் கட்டிட்டு மேல கவசத்தை வெச்சா வேர்வை கண்ணுல இறங்காது. அந்தத் துண்டோட சேர்த்து அளவெடுங்க, வெறுந்தலைக்கு அளவெடுத்துட்டு அப்புறம் துண்டு கட்டினா பக்கிள் எட்டாது.

காகிதத் தொப்பி எட்டுக்கும் தாடை வார் வேண்டாம். பின்பக்கம் ரெண்டு ஓட்டை, கறுப்பு எலாஸ்டிக், போதும்.